தலைநகர் எங்கே இருக்கிறது? — டப்ளின் நகரின் வரலாறு தரும் விடை

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அயர்லாந்தின் தலைநகரான டப்ளினைப் பற்றி இன்று இங்கு பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்துள்ளனர். 1927ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த அரசியல் ஆணைக்குழுவின் தலைவர் டொனமூர் பிரபுவை இச்சபையில் அறியாதார் இலர். அவர் அயர்லாந்தின் நிலப்பிரபுக் குடும்பம் ஒன்றில் வந்தவர். அவர் பெயரை அறிந்த அளவுக்கு அவர் குடும்பம் வேரூன்றிய நாட்டின் கதையை நாம் அறிந்து வைத்திருக்கவில்லை. அக்கதையின் ஒரு பகுதியையேனும் இன்று கூற முயல்வோம்.

தலைநகரம் என்றால் என்ன? அரசாங்கம் எந்த நகரில் வீற்றிருக்கின்றதோ அது தலைநகர் என்று சட்டம் படித்தோர் உடனே விடை கூறிவிடுவர். ஆனால் கமக்காரர் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எல்லை வேலியிலே தகராறு வந்தால், குத்தகைக் காணியிலிருந்து தம்மை எவரேனும் வெளியேற்றினால், தாம் நியாயங் கேட்டு எந்த வாசலுக்குச் செல்கின்றாரோ அந்த வாசலே தமக்குத் தலைவாசல் என்று அவர் கூறுவார். இவ்விரண்டு விடைகளும் ஒன்றாய் இருக்கும் நாடு பாக்கியம் பெற்ற நாடு. டப்ளின் நகரில் இவை 700 ஆண்டுகளுக்கு மேலாக வேறு வேறாகவே இருந்தன. அவை எப்படி ஒன்று சேர்ந்தன, சேர்ந்த பின்பு என்ன நேர்ந்தது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அந்நியர் அமைத்த நகர்

டப்ளின் என்னும் பெயர் 'கருங்குளம்' என்று பொருள்படும் ஐரிஷ் சொற்களிலிருந்து பிறந்தது. ஆனால் ஐரிஷ் மொழியிலே இன்று அந்நகருக்கு வழங்கும் பெயர் வேறு. 'படல் பரப்பிய ஆற்றுத்துறையின் ஊர்' என்பது அதன் பொருள். லிபி ஆற்றைக் கடப்பதற்கு மிலாறுகளால் பின்னிய படல்களை மக்கள் சேற்றிலே பரப்பி வைத்த பழங்காலத்தை அப்பெயர் நினைவூட்டுகின்றது. ஒரே நகருக்கு இரண்டு பெயர்கள் வழங்குவதிலேயே அதன் வரலாறு அடங்கியிருக்கின்றது என்னலாம்.

841ஆம் ஆண்டில் வடகடலிலிருந்து வந்த வைக்கிங் மாலுமிகள் அங்கே பாசறை அமைத்தனர். 1170ஆம் ஆண்டில் ஆங்கில நோர்மன் படையினர் நகரைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றி நேரில் வந்து, டப்ளின் நகரைத் தன் நாட்டுப் பிறிஸ்டல் நகரத்தாருக்கு உரிமைச் சாசனம் எழுதிக் கொடுத்தான். சொந்த நாட்டார் வாழும் நகரை வேற்று நாட்டு நகரத்தாருக்கு உறுதி முடித்துக் கொடுத்த விந்தையைக் காணியுறுதி எழுதும் நொத்தாரிசுமார் கவனிப்பார்களாக! 1204ஆம் ஆண்டில் ஜோன் மன்னன் அங்கே ஒரு கோட்டை கட்டுமாறு கட்டளையிட்டான். அன்று தொடக்கம் 1922ஆம் ஆண்டு வரை 'டப்ளின் கோட்டை' என்றால் அயர்லாந்தில் அந்நிய ஆட்சி என்றே பொருள்.

ஆயினும் அக்கோட்டையின் ஆணை நெடுங்காலம் நாடெங்கும் செல்லவில்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் டப்ளினைச் சூழ்ந்த சிறு நிலப்பரப்பிலே மட்டும் மன்னனின் சட்டம் உண்மையாக நடந்தது. அப்பரப்பை 'பேல்' என்று அழைத்தனர். வேலிக்கு நடும் கதியாலைக் குறிக்கும் சொல் அது. வேலிக்கு உள்ளே ஆங்கிலச் சட்டம். வேலிக்கு வெளியே ஐரிஷ் மக்களின் பழைய பிரெகன் சட்டம். தலைநகர் தன் சொந்த நாட்டுக்கு எதிராக வேலி அடைத்துக்கொண்டு வாழ்ந்தது.

பின்னர் படைபலத்தால் வேலி நாடெங்கும் விரிந்தது. 1592ஆம் ஆண்டில் எலிசபெத் இராணியின் சாசனத்தால் திரித்துவக் கல்லூரி எழுந்தது. கத்தோலிக்கர் அதிற் பட்டம் பெற 1793ஆம் ஆண்டு வரை இயலவில்லை. வழக்குரைஞர் தொழிலிலிருந்து விலக்கப்பட்டிருந்த அவர்களுக்கு 1792ஆம் ஆண்டிலேயே அக்கதவு மீண்டுந் திறந்தது. நாட்டு மக்களில் மிகப் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர் என்பதை நினைவிற் கொண்டால், அந்த நகரம் யாருடைய தலைநகர் என்பது விளங்கும்.

விலைபோன பாராளுமன்றம்

டப்ளினின் கல்லூரிப் பசுந்திடலிலே தூண்கள் அணிவகுத்து நிற்கும் அழகிய மண்டபம் ஒன்று உண்டு. இரு சபைகளுக்கென்றே திட்டமிட்டு உலகில் முதன்முதலாகக் கட்டப்பட்ட பாராளுமன்றக் கட்டடம் அதுவே. 1729ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. 1782ஆம் ஆண்டில் ஹென்றி கிரற்றன் முதலியோரின் முயற்சியால் அச்சபை சுயமாகச் சட்டமியற்றும் உரிமையைப் பெற்றது. நகரம் செழித்தது, அகன்ற தெருக்களும் மாளிகைகளும் எழுந்தன.

ஆனால் அந்தச் சபையில் 300 பேர் இருந்தனர். அவர்களில் ஒருவரேனும் கத்தோலிக்கர் அல்லர். உறுப்பினர் பலரின் தொகுதிகள் நிலப்பிரபுக்களின் சொந்த ஆதனங்கள் போல இருந்தன. மக்கள் வேர்விடாத மரத்தைச் சாய்க்கக் கோடரி வேண்டியதில்லை. பிரித்தானியாவுடன் இணைப்பதற்கான யோசனை 1799ஆம் ஆண்டில் அச்சபையிலே தோற்றது. அடுத்த ஆண்டில் அதே சபை அதே யோசனையை ஏற்றுக்கொண்டது. இடையில் நடந்தது யாது? பிரபுப் பட்டங்கள் வழங்கப்பட்டன, உத்தியோகங்கள் வழங்கப்பட்டன. ஒழிக்கப்பட்ட தொகுதி ஒவ்வொன்றுக்கும் அதன் 'உடைமையாளருக்கு' 15,000 பவுண் நட்டஈடு கொடுக்கப்பட்டது. மக்களின் பிரதிநிதித்துவத்தை ஆதனமாகக் கருதி அதற்கு நட்டஈடு வழங்கிய சட்டத்தை வேறெங்கும் காண்பது அரிது.

1801 ஜனவரி 1ஆந் தேதி இணைப்பு நடைமுறைக்கு வந்தது. 300 பேர் இருந்த சபைக்குப் பதிலாக வெஸ்ற்மின்ஸ்ரரில் 100 இடங்கள் கிடைத்தன. டப்ளின் பாராளுமன்றக் கட்டடம் 1803ஆம் ஆண்டில் அயர்லாந்து வங்கிக்கு விற்கப்பட்டது. பொதுச்சபை கூடிய மண்டபம் இடித்து மாற்றப்பட்டது. பிரபுக்கள் சபை கூடிய மண்டபம் மட்டும் இன்றும் உள்ளது. பிரபுக்கள் ஒவ்வொருவராக இலண்டனுக்குப் போயினர். அவர்கள் விட்டுச் சென்ற மாளிகைகள் நாளடைவில் அறை அறையாக ஏழைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன.

நகரும் கிராமமும்

சபை போன பின்பு அந்நகரில் எஞ்சியிருந்தோர் யார்? கோட்டையில் உத்தியோகத்தரும், நீதிமன்றங்களில் வழக்கறிஞரும் எஞ்சியிருந்தனர். அவ்வழக்கறிஞரிடையே தோன்றியவர் டானியல் ஓகொனல். 1823ஆம் ஆண்டில் டப்ளினிலே அவர் கத்தோலிக்கர் சங்கத்தை நிறுவினார். மாதம் ஒரு பென்னி கொடுப்பவர் எவரும் அச்சங்கத்தைச் சேரலாம் என்றார். ஞாயிறு தோறும் கோயில் வாசல்களிலே அந்தப் பென்னிகள் சேர்ந்தன. கோட்டைக்கு வரி மட்டுமே கொடுத்துப் பழகிய கமக்காரன், தன் வாழ்விலே முதன்முறையாக, டப்ளினிலுள்ள ஒரு ஸ்தாபனத்துக்குத் தன் மனமுவந்து காசு கொடுத்தான். டப்ளினும் கிராமமும் கைகோத்தது அன்றுதான்.

1829ஆம் ஆண்டில் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமை கிடைத்தது. ஆனால் அதே வேளையில், கிராமப்புறங்களில் வாக்குரிமைக்கு வேண்டிய சொத்தின் அளவு ஆண்டுக்கு 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுணாக உயர்த்தப்பட்டது. முந்திய ஆண்டில் கிளேர் மாவட்டத் தேர்தலில் நிலப்பிரபுக்களை எதிர்த்து ஓகொனலுக்கு வாக்களித்து, அவ்வுரிமையை வென்று கொடுத்தவர்களே சிறு கமக்காரர்கள்தாம். அவர்களிற் பெரும்பாலோரின் வாக்கு பறிபோயிற்று. வழக்கறிஞருக்கும் வர்த்தகருக்கும் கதவு திறந்தது. கதவைத் தள்ளித் திறந்தவன் வெளியே நின்றான். கற்றவர்களாகிய நாம் இச்செய்தியை மறவாது வைத்திருத்தல் வேண்டும்.

1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்சத்திலே ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்கு மேற்பட்டோர் கப்பலேறினர். உணவுப் பொருள்கள் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன. டப்ளினிலே தனக்கென ஒரு சபை இருந்திருப்பின் இவ்வாறு நடந்திருக்குமா என்ற கேள்வி அன்று தொடக்கம் ஐரிஷ் மக்களின் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அக்கேள்விக்கு முதலில் எழுந்து நின்று விடை தேடியது கிராமமே. மேற்கே மேயோ மாவட்டத்தில் 1879ஆம் ஆண்டில் தொடங்கிய காணிக் கிளர்ச்சி, அவ்வாண்டு ஒக்டோபரில் நாடு தழுவிய காணிச் சங்கமாக உருப்பெற்றது. குத்தகைக் குடியானவர் குடும்பத்திற் பிறந்து, சிறுவயதிலே ஆலையில் ஒரு கையை இழந்த மைக்கேல் டேவிற் அதன் உயிர். நிலப்பிரபுக் குடும்பத்தவரான பார்னெல் அதன் தலைவர். அடுத்த ஆண்டில் அம்மாவட்டத்தில் காணி முகவர் ஒருவரோடு மக்கள் எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ள மறுத்தனர். பொயிக்கொற் என்ற அவர் பெயரே ஆங்கிலத்தில் பகிஷ்காரத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. 1881ஆம் ஆண்டில் பார்னெலை டப்ளினின் கில்மெயினம் மறியற்சாலையில் அடைத்தார்கள். ஆறு மாதங்களில் அந்த மறியற்சாலைக்கே சமரசப் பேச்சு வந்து சேர்ந்தது. 1903ஆம் ஆண்டின் காணிச் சட்டத்துக்குப் பின் குடியானவர்கள் தாம் உழுத நிலத்தைத் தவணைப் பணத்தில் வாங்கிச் சொந்தக்காரராயினர்.

மொழியும் மேடையும்

1831ஆம் ஆண்டில் டப்ளினிலிருந்து நடத்தப்பட்ட தேசியப் பாடசாலை முறை, ஐரிஷ் மொழி பேசும் பிள்ளைக்கும் ஆங்கிலத்திலேயே பாடம் சொல்லியது. பஞ்சம் பேசுவோரைக் கொன்றது. பாடசாலை பேச்சைக் கொன்றது. 1893ஆம் ஆண்டில் டக்ளஸ் ஹைட், இயோன் மக்னீல் முதலியோர் டப்ளினிலே கேலிக் மொழிச் சங்கத்தை நிறுவினர். ஹைட் புரட்டஸ்தாந்துப் போதகரின் மகன். ஆங்கிலம் வழங்கும் நகரத்தில் இருந்துகொண்டு, மேற்குக் கரைக் குடிசைகளில் வழங்கிய மொழியைக் கற்க உத்தியோகத்தர்களும் கடைச் சிப்பந்திகளும் மாலை வகுப்புகளுக்கு வந்தனர். பிற்காலத்தில் அவரே நாட்டின் முதலாவது குடியரசுத் தலைவராக 1938ஆம் ஆண்டிற் பதவியேற்றார்.

இங்கு ஒரு வழக்கைக் கூறுதல் தகும். டொனிகால் மாவட்டத்துக் கிராமவாசி ஒருவர் தம் வண்டியிலே தம் பெயரை ஐரிஷ் எழுத்தில் எழுதியிருந்தார். வண்டிக்காரனின் பெயர் வாசிக்கத்தக்க எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். ஐரிஷ் எழுத்து அத்தகையது அன்று எனக் கூறி அவருக்கு அபராதம் விதித்தனர். 1905ஆம் ஆண்டில் வழக்கு டப்ளின் மேல் நீதிமன்றுக்குச் சென்றது. அவருக்காகத் தோன்றிய வழக்கறிஞருள் ஒருவர் பற்றிக் பியர்ஸ் என்னும் இளைஞர். வழக்குத் தோற்றது. தன் நாட்டு எழுத்தை வாசிக்க முடியாத எழுத்தென்று தீர்ப்பளித்த அந்நீதிமன்றத்தை அந்தக் கிராமவாசி தன் தலைவாசல் என்று எப்படிக் கருதுவார்?

அதே காலத்தில், 1904 டிசெம்பர் 27ஆந் தேதி, அபே நாடக அரங்கு டப்ளினிலே திறக்கப்பட்டது. கவிஞர் யேற்ஸும் சீமாட்டி கிரெகறியும் அதன் தூண்கள். மேற்கு நாட்டுக் குடியானவரின் பேச்சும் வாழ்வும் தலைநகரின் மேடையேறின. 1907ஆம் ஆண்டில் சிங்கின் நாடகத்துக்கும், 1926ஆம் ஆண்டில் ஷோன் ஓகேஸியின் நாடகத்துக்கும் சபையோர் கலகம் செய்தனர். கிராமத்தாரை இழிவுபடுத்திவிட்டதாக ஒரு முறை கோபம். தியாகிகளை இழிவுபடுத்திவிட்டதாக ஒரு முறை கோபம். ஆயினும் அரங்கு மூடப்படவில்லை. ஜேம்ஸ் ஜோய்ஸோ 1904ஆம் ஆண்டில் நாட்டை விட்டு நீங்கி, வெளிநாட்டிலிருந்தபடியே டப்ளினின் ஒரு நாளைப் பெருநாவலாக எழுதினார். 1922ஆம் ஆண்டில் அது பாரிஸ் நகரிலே வெளிவந்தது. யேற்ஸ், ஷோ, பெக்கற் என நோபெல் பரிசு பெற்ற மூவர் அந்நகரிலும் அதன் புறத்தேயும் பிறந்தோராவர்.

இப்புகழையெல்லாம் கூறும்போது நகரின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பிரபுக்கள் கைவிட்ட அதே மாளிகைகளில், 20,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் குடும்பத்துக்கு ஓர் அறையாக வாழ்ந்தன என்று 1914ஆம் ஆண்டின் விசாரணை அறிக்கை கண்டது. 1913 செப்டெம்பரில் சேர்ச் தெருவில் இத்தகைய வீடுகள் இடிந்து வீழ்ந்து ஏழு பேர் மாண்டனர். ஜிம் லார்க்கின் தலைமையில் தொழிற்சங்கம் சேர்ந்த தொழிலாளரை முதலாளிமார் வேலையிலிருந்து பூட்டி வெளியேற்றியதும் அதே மாதங்களிலேதான். நாட்டின் விடுதலையைப் பேசிய நகரம், தன் கொல்லைப்புறத்தில் வாழ்ந்தோரின் பசியை நீண்டகாலம் காணாதிருந்தது.

மக்கள் நீதிமன்றம்

1916 ஏப்ரில் 24ஆந் தேதி, வண்டி வழக்கிலே தோன்றிய அதே பியர்ஸ், டப்ளின் தலைமைத் தபாற் கந்தோரின் வாசலில் நின்று குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். ஒரு வாரத்தில் கிளர்ச்சி அடங்கியது. ஏறத்தாழ 500 பேர் மடிந்தனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் பொதுமக்கள். மே மாதத்தில் கில்மெயினம் மறியற்சாலையில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கிளர்ச்சியை வெறுத்திருந்தோரும் அத்தண்டனைகளைக் கண்டு மனம் மாறினர்.

1918 டிசெம்பர் பொதுத் தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73ஐச் சின் பெயின் கட்சி வென்றது. வென்றோர் இலண்டனுக்குப் போகவில்லை. 1919 ஜனவரி 21ஆந் தேதி டப்ளின் மாநகர முதல்வரின் மாளிகையிலே தமது சபையைக் கூட்டினர். 'டோயில்' என்பது அச்சபையின் பெயர். நடவடிக்கைகள் பெரும்பாலும் ஐரிஷ் மொழியிலேயே நடந்தன. பெயர் அழைக்கப்பட்டபோது, பலருக்கு அந்நியரின் சிறையில் இருக்கின்றார் என்ற விடையே கிடைத்தது.

அன்பர்களே! பிரகடனம் செய்வது எளிது. வாசித்த தாளை மடித்து வைத்துவிட்டு மறுநாட் காலையில் என்ன செய்வது என்பதே கேள்வி. படை கோட்டையிடம், பொலிஸ் கோட்டையிடம், திறைசேரி கோட்டையிடம். டோயிலின் கையில் இருந்தது மக்களின் நம்பிக்கை ஒன்றே. அந்நம்பிக்கையை நாள்தோறும் நடக்கும் காரியமாக மாற்றியது நீதிமன்றம்.

1920 இளவேனிற் காலத்தில் மேற்கு மாவட்டங்களிலே காணிப் பசி மிகுந்தது. சிறு கமக்காரரும் காணியற்றோரும் பெரும் புல்வெளிகளுக்குள் புகுந்து மாடுகளைத் துரத்தினர். இது முற்றினால் ஐரிஷ்காரனும் ஐரிஷ்காரனுமே மோதி விடுதலை இயக்கம் சிதறியிருக்கும். மே மாதத்தில் மேயோ மாவட்டத்துப் பலின்ரோப் என்னும் ஊரில் டோயிலின் சார்பில் காணி நீதிமன்றம் கூடியது. கெவின் ஓஷீல் என்ற வழக்கறிஞரும் இன்னொருவரும் வழக்கை விசாரித்தனர். ஒரு பண்ணையைப் பங்கிட்டுத் தருமாறு கேட்டு நின்றவர் பலர். அதை வைத்திருந்தவர் சிலர். பலருடைய கூச்சலுக்கு அஞ்சாமல், உரிமை வைத்திருந்தோர் பக்கமே நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். தோற்றோர் பணிய மறுத்தனர். குடியரசின் தொண்டர்கள் அவர்களிற் சிலரைப் பிடித்து, கொறிப் ஏரியிலுள்ள தீவொன்றிற் காவலில் வைத்தனர். பின்பு தீர்ப்பு நிறைவேறியது. தன் ஆதரவாளருக்கு எதிராகவும் தீர்ப்புக் கூறவல்ல நீதிமன்றம் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. டோயிலை விரும்பாத நிலச்சொந்தக்காரரும் அதன் வாசலுக்கு வரலாயினர்.

அவ்வாண்டிலேயே கோவிற்பற்று நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், டப்ளினில் உயர் நீதிமன்றம் என்று படிமுறை அமைந்தது. கோவிற்பற்று நீதிமன்றத்துக்கு மூவர். மாவட்ட நீதிமன்றத்துக்கு ஐவர். பெண்களும் நீதிபதிகளாய் அமர்ந்தனர். சட்டம் எது? டோயில் கூடிய 1919 ஜனவரி 21ஆந் தேதியில் நடைமுறையில் இருந்த சட்டமே அடிப்படை. அதனோடு பழைய பிரெகன் சட்டம், பிரெஞ்சு நாட்டுச் சட்டம், ரோமன் சட்டம் ஆகியவற்றையும் எடுத்துக் காட்டலாம் என்று விதித்தனர். வழக்கறிஞர் மன்றம், அந்நீதிமன்றங்களில் தோன்றுவது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது எனக் கூறியது. சிலர் அதற்குப் பணிந்தனர். சிலர் துணிந்து தோன்றினர். கடன், எல்லை, குத்தகை, ஏச்சு, அடிதடி என்று கிராமத்தார் தம் வழக்குகளைக் கொண்டுவந்தனர். வழக்குகள் கோயில் மண்டபத்திலும் தானியக் களஞ்சியத்திலும் கூட விசாரிக்கப்பட்டன. 1920 கோடையில் மன்னரின் நீதிபதிகள் காவற்படையோடு ஊர் ஊராகச் சென்று ஆசனத்தில் அமர்ந்தபோது, பல இடங்களில் ஜூரிமாரும் வரவில்லை, வழக்காளிகளும் வரவில்லை.

இதுதான் நாம் தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு டப்ளின் தந்த விடை. 700 ஆண்டுகளாகக் கோட்டையில் இருந்த தலைநகர், ஒரு பீரங்கி கூட முழங்காமல், கிராமத்தான் தன் வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு வேறு வாசலுக்கு நடந்தபோது இடம் மாறியது. 1920 ஓகஸ்டில் இராணுவ நீதிமன்றங்களை நிறுவும் சட்டத்தை இலண்டன் இயற்றியது. மக்கள் நீதிமன்றங்கள் மறைவிடங்களுக்குத் தள்ளப்பட்டன. பல இடங்களில் நின்றும் போயின. ஆனால் 1921 ஜூலையில் போர்நிறுத்தம் வந்தவுடன் மீண்டும் அவை தலைதூக்கின.

எரிந்த ஏடுகள்

1922 ஜனவரி 16ஆந் தேதி டப்ளின் கோட்டை மைக்கேல் கொலின்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. கதை இங்கு முடிந்திருக்குமானால் எவ்வளவு நன்று! இலண்டனில் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை டோயில் 64க்கு 57 என்ற வாக்குகளால் ஏற்றது. ஏற்காதோர் ஏப்ரிலில் 'நான்கு நீதிமன்றங்கள்' என்னும் பெருங் கட்டடத்தைக் கைப்பற்றினர். ஜூன் 28ஆந் தேதி புதிய அரசாங்கம், பிரித்தானியரிடம் இரவல் பெற்ற பீரங்கிகளால் அதைத் தாக்கியது. ஜூன் 30ஆந் தேதி அங்கிருந்த அரசாங்க ஆவணச் சாலை வெடித்து எரிந்தது. உள்ளே இருந்தோர் அதை வெடிமருந்துக் களஞ்சியமாக்கியிருந்தனர். வெளியே நின்றோர் அதன்மீது குண்டு பொழிந்தனர். ஏழு நூற்றாண்டு ஏடுகள், 1821 முதல் 1851 வரையிலான குடிசன மதிப்புப் பத்திரங்கள், மரண சாசனங்கள், பல கோவிற்பற்றுப் பதிவேடுகள் சாம்பலாயின. அந்நியர் 700 ஆண்டு காத்து வைத்த ஏடுகளை, சுதந்திரம் பெற்ற ஆறாவது மாதத்தில் சகோதரர் இருவர் எரித்தனர். அவ்வேடுகளின் பிரதிகளை உலகெங்குமுள்ள நூலகங்களிலிருந்து தேடிச் சேர்த்து, 2022ஆம் ஆண்டில், சரியாக நூறு ஆண்டுக்குப் பின், கணினியில் ஒரு மெய்நிகர் ஆவணச் சாலையைத் திறந்தனர். மீண்டவை பல, மீளாதவை மிகப் பல.

நெருப்பு அடங்குமுன்னரே இன்னொன்றும் நடந்தது. 1922 ஜூலையில் புதிய அரசாங்கம் டோயிலின் உயர் நீதிமன்றத்தைக் கலைத்தது. கைதிகளின் சார்பில் அங்கே வழக்குத் தொடரப்பட்டதே உடனடிக் காரணம். வழக்கறிஞரான அமைச்சர் கவன் டபி அதைக் கண்டித்துப் பதவி துறந்தார். 1923ஆம் ஆண்டின் சட்டம் மக்கள் நீதிமன்றங்களின் எஞ்சிய வழக்குகளைத் தீர்க்கவும், பழைய தீர்ப்புகளைப் பதிந்து வலுவூட்டவும் வழி செய்தது. 1924ஆம் ஆண்டில் புதிய நீதிமன்ற அமைப்பு உருவாயிற்று. அதிலே அந்நிய ஆட்சியின் அங்கியும் முறைகளும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. கோவிற்பற்று நீதிபதியாய் இருந்த கமக்காரர் வீடு திரும்பினார்.

வேலிக்கு அப்பாலும் உள்ளும்

மூன்று செய்திகளைச் சுருக்கமாகக் கூறி முடிப்போம்.

முதலாவது, வடக்கு. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆறு மாவட்டங்கள் பிரிக்கப்பட்டுப் பெல்பாஸ்ட் தலைநகரமாயிற்று. அங்கே பெரும்பான்மையினர் டப்ளினைத் தம் தலைவாசலாகக் கொள்ள மறுத்தனர்; சிறுபான்மையினர் பெல்பாஸ்டைத் தம் தலைவாசலாகக் கொள்ள முடியாது தவித்தனர். 30 ஆண்டு வன்முறைக்குப் பின், 1998ஆம் ஆண்டின் உடன்படிக்கையை இரு பகுதி மக்களும் ஒரே நாளில் வாக்களித்து ஏற்றனர். மக்களின் சம்மதமின்றி அரசுரிமை மாறாது என்பதை டப்ளின் தன் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. தன் ஆணை எங்கே செல்லாது என்பதைத் தானே ஒப்புக்கொண்ட தலைநகரின் பெருமை சிறிதன்று.

இரண்டாவது, மொழி. 1922ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஐரிஷை நாட்டு மொழியாக்கியது. 1937ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதை முதலாவது அரசகரும மொழியாக்கியது. ஆனால் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுள், பாடசாலைக்கு வெளியே நாள்தோறும் அம்மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேரே என்று 2022ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு காட்டியது. கந்தோரில் அலுவல் முடிக்கவும் பிள்ளைக்கு உத்தியோகம் தேடவும் எந்த மொழி உதவுகின்றதோ அதையே தாயும் தந்தையும் வீட்டில் பேசுவர். சாசனத்தில் ஏறிய மொழி, கந்தோர் மேசைக்கு இறங்கி வரவில்லை.

மூன்றாவது, கமக்காரர். இன்று நாட்டு மக்களில் நாலில் ஒரு பங்கினருக்கு மேல் டப்ளின் நகரிலும் அதன் மாவட்டத்திலும் வாழ்கின்றனர். 2003ஆம் ஆண்டில் 10,000க்கு மேற்பட்ட அரசாங்க உத்தியோகத்தரை வெளியூர்களுக்கு மாற்ற ஒரு திட்டம் வகுத்தனர். பெரும்பகுதி நிறைவேறாமலே 2011ஆம் ஆண்டில் அதைக் கைவிட்டனர். அதிகாரம் ஓரிடத்திற் குவிந்துவிட்டால், குவித்தவர் அந்நியராயினும் சொந்தக்காரராயினும், அதைப் பகிர்வது கடினம் என்பதை இதுவும் காட்டுகின்றது.

பெரியோர்களே! பழைய பாராளுமன்றக் கட்டடம் இன்றும் வங்கியின் வசமே இருக்கின்றது. விடுதலை பெற்றோர் அதை மீட்டு அதில் அமரவில்லை. ஒரு பிரபுவின் பழைய மாளிகையில் இன்று வரை டோயில் கூடுகின்றது. தூண்களும் மண்டபமும் இல்லாமலே ஒரு சபை தேசத்தின் சபையாகலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பலின்ரோப் ஊரிலே சில நாற்காலிகளையும் ஒரு மேசையையும் போட்டு, கற்ற வழக்கறிஞரும் கமக்காரரும் நேருக்கு நேர் அமர்ந்து, வேண்டியவர் வேண்டாதவர் பாராமல் ஒரு காணி வழக்கைத் தீர்த்தார்களே, அந்த மேசையிலேதான் அவர்களுடைய தலைநகர் பிறந்தது. பின்னர் டப்ளின் அந்த மேசையை மறந்தபோதெல்லாம் நாடு அதன் விலையைக் கொடுத்தது.